வாயில்வரை நடத்தல்

பயணம் அறிவை விரிவாக்கும் என்று கூறாத பயண நூல் இல்லை. எவ்வகை அறிவை என்பதை மட்டும் அந்நூல்கள் பெரும்பாலும் கூறுவதில்லை. வேற்று நாட்டின் கோயில்களையும் அரண்மனைகளையும் காணவெனப் புறப்படும் ஒருவர் சில வேளைகளில் தம்மைக் கண்டு திரும்புகிறார். அக்காட்சிக்கு அவர் கொடுக்கும் விலை நுழைவுச் சீட்டின் விலையினும் பன்மடங்காக இருத்தலும் உண்டு. இலங்கைப் பல்கலைக்கழகம் ஒன்றில் இரசாயனவியல் கற்பித்துவந்த விரிவுரையாளர் ஒருவர் 2012ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் பாங்கொக் நகரிற் பெற்ற அறிவு இவ்வகையைச் சேர்ந்தது.

ஆய்வரங்கு ஒன்றிற் கட்டுரை படிக்கவே அவர் அங்குச் சென்றிருந்தார். அரங்கு வெள்ளிக்கிழமை முடிவுற்றது. விமானம் ஞாயிறு இரவு. இடைப்பட்ட சனிக்கிழமையில் அவருக்கு இரண்டு வேலைகள் இருந்தன. முற்பகலிற் பெருமாளிகையைக் காண்பது ஒன்று. பிற்பகலில் தந்தையாருக்குச் செவிக்கருவி வாங்குவது மற்றொன்று. சுன்னாகம் சந்தையில் நாற்பது ஆண்டுகள் பலசரக்குக் கடை நடத்திய தந்தையார், அண்மைக் காலமாகப் பேரப்பிள்ளைகளின் பேச்சுக்குப் புன்னகையை மட்டும் விடையாகத் தந்துகொண்டிருந்தார். நல்ல கருவிகள் பாங்கொக்கிற் பலவகையாகக் கிடைக்கும் என நண்பர் ஒருவர் கூறியிருந்தமையால், குடும்பத்தார் சேர்த்துக் கொடுத்த பணம் 30,000 பாத்தாக மாற்றப்பட்டு, அவருடைய சட்டையின் உட்பையில் இருந்தது.

பெருமாளிகையின் வெண்மதில் மிக நீண்டது. 1782இல் முதலாம் இராமா மன்னர் தலைநகரைச் சாவ் பிரயா ஆற்றின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்கு மாற்றியபோது கட்டத் தொடங்கிய மாளிகை அது. மதிலோரமாக வாயிலைத் தேடி நடந்துகொண்டிருந்தவரைத் தூய வெண்சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையும் அணிந்த ஒருவர் முறுவலுடன் எதிர்கொண்டார். தாம் ஓர் ஆசிரியர் என்றார். விருந்தினரின் நாடு எது என்று கேட்டு, இலங்கை என்றதும் கைகுவித்து வணங்கினார். பின்னர் வருத்தந் தோய்ந்த குரலில், அன்று பிக்குமாரின் சடங்கு நடைபெறுவதால் மாளிகை பிற்பகல்வரை மூடப்பட்டிருக்கும் என்றார். அதுவரை காலத்தை வீணாக்க வேண்டாம். 32 மீற்றர் உயரமான நின்ற புத்தர் சிலையுள்ள விகாரை ஒன்று அருகில் உண்டு. அன்று அரசாங்கச் சலுகை நாளாகையால் துக்-துக் வண்டிகள் 20 பாத்துக்கு ஊரைச் சுற்றிக் காட்டும் என்று கூறி, வரைபடத்தில் இடங்களைக் குறித்தும் கொடுத்தார். அத்துடன் இரத்தின ஏற்றுமதி நிலையம் ஒன்றின் பெயரையும் கடைசியாக, பெரிதும் பொருட்படுத்தாதவர்போல, எழுதினார். அந்நிலையத்தில் வரிவிலக்கு விற்பனை அன்றுடன் முடிவடைகிறதாம். கைம்மாறாக அவர் ஒரு பாத்தேனும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விரிவுரையாளர் விழித்துக்கொண்டிருப்பார்.

துக்-துக் ஓட்டுநர் இளைஞர். விற்பனை அன்றுடன் முடிவதை அவரும் சொன்னார். கடைக்குள் சென்று பத்து நிமிடம் பார்த்தாலே தமக்குப் பெற்றோல் சீட்டு ஒன்று கிடைக்கும், வாங்க வேண்டியதில்லை என்றும் ஒளிவின்றிக் கூறினார். இந்த ஒளிவின்மை விரிவுரையாளருக்குப் பிடித்திருந்தது. சிறு இலாபத்தை மறையாது சொல்பவர் பெரிய இலாபத்தை மறைப்பார் என்று எவரும் எண்ணுவதில்லை.

விகாரையில் அக்காலை வேளையில் ஏறக்குறைய எவரும் இல்லை. படிக்கட்டில் அமர்ந்திருந்த நடுத்தர வயதினர் ஒருவர் தாமாகவே பேச்சைத் தொடங்கினார். தம்மை ஒரு வழக்கறிஞர் என்றார். மறுநாள் மனைவியுடன் சிங்கப்பூர் செல்லவிருப்பதாகவும், அந்த ஏற்றுமதி நிலையத்தில் ஆண்டுதோறும் இரண்டு கற்கள் வாங்கி வெளிநாட்டில் இருமடங்கு விலைக்கு விற்றே பயணச் செலவை ஈடுசெய்வதாகவும் கூறினார். பற்றுச்சீட்டையும் காட்டினார்.

இவ்விடத்தில் அந்த இரசாயனவியலாளரின் மனம் இயங்கிய விதத்தைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அவர் எளிதில் ஏமாறுபவர் அல்லர். ஒரு பரிசோதனையின் பெறுபேற்றை ஒருமுறை கண்டவுடன் ஏற்பவரும் அல்லர். ஒருவருக்கொருவர் தொடர்பற்ற மூவர் ஒரே அளவீட்டைப் பெறின் அதை நம்பலாம் என்பது அவர் மாணவருக்கு ஆண்டுதோறும் கற்பித்துவந்த விதி. மதிலோரத்து ஆசிரியர், வண்டியோட்டி, விகாரை வழக்கறிஞர் என மூன்று சாட்சிகள் மூன்று இடங்களில் ஒரே செய்தியைக் கூறினர். விதியின் முற்பகுதியை, அதாவது சாட்சிகள் தொடர்பற்றோராய் இருத்தல் வேண்டும் என்பதை, அவர் சோதிக்கவில்லை. சோதிக்க வேண்டும் என்ற எண்ணமே எழவில்லை. அவரை ஒருவரிடமிருந்து அடுத்தவரிடம் கொண்டுசென்றது அதே வண்டி என்பது பின்னரே அவருக்குத் தோன்றியது.

கடை குளிரூட்டப்பட்டிருந்தது. தேநீர் வந்தது. விற்பனைப் பெண் இலங்கையை நன்கு அறிந்தவர்போற் பேசினார். நீலக்கல் உங்கள் நாட்டில் நிறைய உண்டு, அதை நாங்கள் உங்களுக்கு விற்க முயலமாட்டோம். ஆனால் எங்கள் சந்தபுரிச் சுரங்கத்துச் செம்மணி போன்றது உங்களிடம் அரிது என்று கூறி, கரும்பட்டின்மேல் ஒரு சிவந்த கல்லை வைத்தார். சான்றிதழும் இருந்தது. கல்லின் விலை 28,000 பாத். கொழும்பில் எந்த நகைக்கடையிலும் இருமடங்கு கிடைக்கும் என்றார் அவர். இருமடங்கு என்றால் தந்தையாருக்கு இரு செவிகளுக்கும் உயர்ந்த கருவிகள். உட்பையிலிருந்த பணத்தை எடுத்தபோது விரிவுரையாளரின் உள்ளத்திலிருந்த உணர்வுக்குப் பாசம் என்று அவர் பெயரிட்டிருந்தார். அதனுள் ஆசையும் கலந்திருந்தது என்பதைப் பிற்காலத்தில் அவர் மறுத்ததில்லை.

ஞாயிறு காலை அவர் மீண்டும் பெருமாளிகைக்குச் சென்றார். இம்முறை வாயிலை அடைந்தார். முந்தைய நாள் அவர் நின்ற இடத்திலிருந்து அது முந்நூறு அடிகூட இல்லை. மாளிகை நாள்தோறும் காலை 8.30 முதல் பிற்பகல் 3.30வரை திறந்திருக்கும் என்று பலகை கூறியது. வழியில் எதிர்ப்படும் அந்நியரின் சொல்லை நம்ப வேண்டாம் என்று மற்றோர் அறிவித்தல் எச்சரித்தது. சுற்றுலாப் பொலிசாரின் 1155 என்னும் தொலைபேசி இலக்கமும் அங்கே இருந்தது. முதல் நாளும் வாயில் திறந்தே இருந்ததா என்று காவலரிடம் கேட்டார். அவர் வியப்புடன் தலையசைத்தார். அக்கேள்வியை அவர் முன்னரும் பலரிடம் கேட்டிருக்கக்கூடும்.

உள்ளே மரகத புத்தர் வீற்றிருந்தார். ஏறத்தாழ 66 சென்ரிமீற்றர் உயரமுடைய அத்திருவுருவம் இலங்கையிலும் சிலகாலம் இருந்ததாகத் தாய்லாந்தின் பழைய ஐதிகங்கள் கூறும். பருவத்துக்கு ஒன்றாக ஆண்டில் மும்முறை அதன் பொன்னாடை மாற்றப்படும். மரகதம் என்பது பெயரே; உருவம் செதுக்கப்பட்டது வேறொரு பச்சைக் கல்லில். சிலர் அதைப் பச்சைப் பளிங்கினம் என்பர், சிலர் சூரியகாந்த இனம் என்பர். ஆயினும் அங்கு எவரும் ஏமாற்றப்படவில்லை. பெயர் பிழையாயிருப்பதால் மட்டும் வஞ்சனை பிறப்பதில்லை. அப்பெயரை நம்பிப் பணத்தை எடுக்கச் செய்யும்போதே அது பிறக்கிறது. இவ்வாறு சிந்தித்தபடி நெடுநேரம் அங்கு அமர்ந்திருந்த விரிவுரையாளர், வாயிலிலிருந்த தொலைபேசி இலக்கத்தை அழைக்காமலே வெளியேறினார். நேரமில்லை என்று தமக்குத்தாமே கூறினார். விமானத்துக்கு இன்னும் பன்னிரண்டு மணித்தியாலங்கள் இருந்தன.

கல்லாவது உண்மையானதாக இருக்கும் என்ற நம்பிக்கை ஒன்றே எஞ்சியிருந்தது. ஊர் திரும்பிய வாரத்திலேயே, ஆய்வுகூடத்தில் எவரும் இல்லாத மாலையொன்றில், அவர் கல்லை வளியிலும் நீரிலும் நிறுத்துப் பார்த்தார். சாரடர்த்தி 4.0 என வந்தது. செம்மணியும் நீலமும் ஒரே கனியத்தின் இரு நிறங்கள். அலுமினியம் ஒட்சைட்டே அக்கனியம். வன்மையில் வைரத்துக்கு அடுத்ததாக, மோசின் அளவுத்திட்டத்தில் ஒன்பதாவது இடத்தில் நிற்பது. அதற்குத் தமிழிற் குருந்தம் என்று பெயர். ஆங்கிலத்தில் வழங்கும் கொரண்டம் என்ற சொல்லும் நம் சொல்லிலிருந்து சென்றதே. சிறிதளவு குரோமியம் சேரின் குருந்தம் சிவக்கும். ஆகவே கல் குருந்தமே. அவர் நெஞ்சு சற்று ஆறியது.

ஆனால் நுணுக்குக்காட்டி வேறு செய்தி சொல்லியது. கல்லினுள்ளே நுண்ணிய கோடுகள் வில்போல் வளைந்து ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சென்றன. இடையிடையே உருண்ட வளிக்குமிழிகள் தெரிந்தன. பூமியின் ஆழத்தில் நீண்டகாலம் வளர்ந்த குருந்தத்தில் நிறப்பட்டைகள் பளிங்கின் முகங்களுக்கு இசைய நேராகவும் கோணமாகவும் அமையும். வளைந்த கோடு வேறொரு பிறப்பின் அடையாளம். ஒகுஸ்த் வெர்னோய் என்னும் பிரெஞ்சு இரசாயனவியலாளர் 1902இல் வெளியிட்ட முறையொன்றுண்டு: அலுமினியம் ஒட்சைட்டுத் தூளைச் சிறிது குரோமியம் ஒட்சைட்டுடன் கலந்து, ஒட்சிசனும் ஐதரசனும் சேர்ந்தெரியும் சுவாலையினூடு துளித்துளியாக விழவிட்டால், உருகிய துளிகள் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரண்டு, சில மணித்தியாலங்களிற் செம்மணிக் கட்டியொன்று வளர்ந்துவிடும். வளைந்த கோடுகள் அத்திரட்சியின் தடங்கள். அம்முறையை அவர் இரண்டாம் ஆண்டு மாணவருக்கு ஒவ்வோராண்டும் கற்பித்துவந்தார். கல்லின் அமைப்பிற் பொய்யில்லை, பிறப்பில்தான் பொய். அதன் பெறுமதி அவர் கொடுத்த பணத்தில் ஒரு சிறு துளியே.

இவ்வாறு ஏமாற்றப்படுதல் அறிவின்மையின் விளைவு என்று கொள்வது பொது வழக்கு. அது சரியன்று. 1849இல் நியூயோர்க்கில் வில்லியம் தொம்சன் என்பவன் கைதானான். நன்கு உடுத்தி, வழியிற் செல்லும் கனவான்களை முன்னரே அறிந்தவன்போல் வணங்கிப் பேசி, நாளைவரை உங்கள் கடியாரத்தை என்னிடம் நம்பித் தருவீர்களா என்று கேட்டு வாங்கிச் செல்வது அவன் தொழில். செய்தித்தாள்கள் அவனுக்கு இட்ட ‘நம்பிக்கை மனிதன்’ என்ற பெயரே பின்னர் அத்தொழிலார் அனைவருக்கும் ஆங்கிலத்தில் நிலைத்தது. டேவிட் மௌரர் என்னும் மொழியியலாளர் இத்தொழிலாரின் குழூஉக்குறிகளைத் திரட்டி, அவர்தம் வேலைப் பிரிவினையை 1940இல் வெளிவந்த நூலில் விளக்கினார். ஆளைப் பிடித்துவருபவன் ஒருவன். உள்ளே காத்திருப்பவன் மற்றொருவன். இருவரும் ஒருவரையொருவர் அறியாதவர்போல் நடிப்பர். 1984இல் உளவியலாளர் ரொபேட் சியால்டினி, மனிதரை இணங்கவைக்கும் வழிகளை ஆறாக வகுத்தார். கைம்மாறுணர்வு, சொன்ன சொல்லிற் பிறழாமை, பிறர் செய்வதைக் காணுதல், விருப்பம், அதிகாரம், அருமைப்பாடு என்பன அவை. பாங்கொக் நாடகத்தில் ஆறும் இருந்தன: இலவச வரைபடம், பத்து நிமிடம் பார்ப்பதாகக் கொடுத்த வாக்கு, வழக்கறிஞரின் பற்றுச்சீட்டு, இலங்கைக்கு இட்ட வணக்கம், கழுத்திலிருந்த அடையாள அட்டை, இன்றே கடைசி நாள் என்ற அவசரம். இவற்றுள் எதுவும் தீயதன்று என்பதே சிக்கல். உதவிக்கு நன்றி காட்டுவதும் சொன்ன சொல்லைக் காப்பதும் நற்குடிப் பண்புகள். வஞ்சகர் கைவைப்பது மனிதரின் தீய பக்கத்தில் மட்டுமன்று, நல்ல பக்கத்திலுந்தான்.

தமிழ் மாணவருக்கு இது புதிதன்று. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையிற் கோவலன் மதுரையின் மணிவீதியைக் காண்கிறான். மணிகளின் குற்றமும் குணமும் வல்லார் வாழும் வீதி அது. காண்பவனும் வணிகர் குலத்தவன், மாசாத்துவான் மகன், மணியின் மதிப்பறிந்தவன். அத்தகையவன் கொலைக்களக் காதையில், ஏவலர் சூழ அரசவைக்குரிய உடையணிந்து எதிர்வந்த பொற்கொல்லனைக் கண்ட அளவில், இவன் பாண்டியனிடம் மதிப்புப் பெற்றவன் போலும் என்று தானே முடிவு செய்து சிலம்பைக் காட்டுகிறான். அவனைக் கொன்றது மணியறிவின் குறைவன்று. ஆடையையும் பரிவாரத்தையும் சான்றாகக் கொண்டதும், அச்சான்றை வேறெங்கும் வினவாது விட்டதுமே. பண்டத்தைப் பற்றிய அறிவு மனிதரைப் பற்றிய அறிவாகிவிடாது.

எனினும் அறிந்தவன் அறியாதவனிடம் பெறும் இலாபம் அனைத்தையும் வஞ்சனை எனலாமா என்ற வினாவும் எழுகிறது. இதற்கும் தாய்லாந்துக்கும் இலங்கைக்கும் இடையிலான கல் வணிகமே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறது. இரத்தினபுரிப் பகுதியிற் கெவுட எனப்படும் பால்நிறக் குருந்தக் கற்கள் ஏராளமாகக் கிடைத்தன. அவை மதிப்பற்றனவாகக் கருதப்பட்டன. 1970களில் தாய்லாந்து வணிகர் அவற்றைச் சொற்ப விலைக்கு வாங்கிச் சென்றனர். அவற்றை 1,500 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பநிலையில், ஒட்சிசன் குறைந்த சூழலிற் சூடாக்கினால், கல்லினுள்ளே நுண்ணூசிகளாக இருக்கும் தைத்தேனியச் சேர்வை கரைந்து இரும்புடன் இணைய, கலங்கிய கல் தெளிந்து நீலமணியாகும் என்பது அவர்களுக்குத் தெரியும், விற்றவர்களுக்குத் தெரியாது. இரத்தினக்கல் வணிகத்துக்கென 1971இற் கூட்டுத்தாபனமே நிறுவிய நாட்டிலிருந்து அவை கூழாங்கல் விலையிற் போயின. அவ்வணிகர் தம் அறிவை மறைத்தனர். ஆனால் பொய் சொல்லவில்லை. அறியாமைக்குக் கொடுத்த விலையைக் கற்றுத் திரும்பப் பெறலாம். இலங்கையரும் பின்னர் அக்கலையைக் கற்றுக்கொண்டனர். பொய்க்குக் கொடுத்த விலையோ வேறு. அதை இழந்தவன் பணத்துடன் அடுத்த மனிதனை நம்பும் ஆற்றலிலும் ஒரு பங்கை இழக்கிறான்.

விரிவுரையாளர் இழந்தவற்றுள் மூன்றாவதும் ஒன்றுண்டு. நல்ல கருவி அங்கே கிடைக்கவில்லை என்று தந்தையாரிடம் கூறிவிட்டார். குறுகிய பொய்யாகையால் அதை உரத்துச் சொல்வது எளிதாயிருந்தது. மனைவியிடமும் அதையே சொன்னார். பணம் வங்கியில் இருப்பதாகச் சொன்னார். வெட்கம் வஞ்சகரின் நான்காவது சாட்சி. ஊதியமின்றி அவர்களுக்காக வாய் மூடி நிற்பது. பாங்கொக்கில் அந்த இலக்கத்தை அழைக்கவிடாது தடுத்ததும் அதுவே. ஏழு மாதம் வீட்டில் அவரை ஊமையாக்கியதும் அதுவே.

மறுஆண்டு பங்குனியில் அவர் சுன்னாகம் சென்றிருந்தபோது தந்தையார் அலமாரியிலிருந்து ஒரு துணிமுடிச்சை எடுத்துவந்து அவர் கையில் வைத்தார். அதில் 15,000 ரூபா இருந்தது. இனி எந்த நாட்டுக்காவது போக நேர்ந்தால் இதையும் சேர்த்து ஒரு கருவி பார்க்கும்படி கேட்டார். பேரப்பிள்ளை சொல்வது விளங்கவில்லை என்றார்.

அப்போதுதான் உண்மை வெளிவந்தது. செவி கேளாத ஒருவரிடம் குற்றத்தை மெல்லிய குரலில் ஒப்புக்கொள்ள முடியாது. மதிலோரத்து மனிதன் தொடங்கி வளைந்த கோடுவரை ஒவ்வொரு சொல்லையும் அவர் உரத்துச் சொல்ல வேண்டியிருந்தது. சிலவற்றை இருமுறை சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த வளவிற் கிணற்றடியில் தண்ணீர் அள்ளும் ஓசை நின்றுவிட்டது. மனைவி குசினி வாசலில் வந்து நின்றார். இரகசியமாக ஏழு மாதம் காக்கப்பட்டது கால் மணித்தியாலத்தில் ஊருக்குப் பொதுவாயிற்று.

தந்தையார் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் கேட்டார்:

“தம்பி, வாசல் எவ்வளவு தூரம்?”

“முந்நூறு அடி, ஐயா.”

“போய்ப் பாக்கிறன் எண்டு அவனிட்டைச் சொன்னனீயோ?”

“இல்லை. மரியாதையில்லை எண்டு நினைச்சன்.”

“எங்கடை கடையிலை சனம் தராசைக் குனிஞ்சு பாக்கேக்கை எனக்கு ஒருநாளும் கோவம் வந்ததில்லை. பாக்கட்டும். பாக்க விடாதவன்தான் கள்ளன். நீ அவனோடை கதைச்சது பிழையில்லை. வாசல்மட்டும் போகாததுதான் பிழை.”

இவ்வளவே அவர் கூறியது. பணத்தைப் பற்றி அன்றும் பின்னரும் எதுவும் கேட்கவில்லை. நாற்பது ஆண்டுக் கடையநுபவத்திற் பிறந்த இவ்விதி, மகனார் மாணவருக்குக் கற்பித்துவந்த விதியினும் செம்மையானது. முகத்தைப் பார்த்து உண்மையையும் பொய்யையும் பிரித்தறிதல் அரிது. இரண்டும் அமைப்பில் ஒன்றே, செம்மணியைப் போல. ஆனால் சோதிக்கப் போகிறேன் என்று சொன்னால் உண்மையானவர் வழிவிடுவார். மற்றவர் அவசரப்படுத்துவார், அல்லது மனம் புண்பட்டவர்போற் காட்டுவார். அதற்கு நுணுக்குக்காட்டி வேண்டியதில்லை.

அவ்விதியைப் பயன்படுத்தும் வாய்ப்பு அவ்வாண்டிலேயே, அந்நிய மண்ணில் அன்றித் தம் நாட்டிலேயே, அவருக்கு வந்தது. கொழும்பு காலிமுகத்திடலில் ஒரு மாலை நடந்துகொண்டிருந்தபோது, வெளிநாட்டுத் தம்பதியர் இருவரிடம் ஒருவர் பேசுவது காதில் விழுந்தது. அருகிலுள்ள விகாரை ஒன்றில் யானைத் திருவிழா; இன்று மட்டும்; இன்னும் அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும்; தம் நண்பரின் முச்சக்கர வண்டி இதோ நிற்கிறது. தூய சட்டை, கனிவான முறுவல், கைம்மாறு கேளாத உதவி. பாங்கொக்கில் தாம் கேட்ட சொற்கள் தம் நாட்டவர் வாயிலிருந்து வருவதை விரிவுரையாளர் கேட்டு நின்றார். பெரும்பாலும் முடிவிடம்கூட ஒன்றாகவே இருக்கும்: இரத்தினக்கல் கடை.

அவர் அருகிற் சென்று, அன்று திருவிழா எதுவும் இருப்பதாகத் தாம் அறியவில்லை என்று தம்பதியருக்கு ஆங்கிலத்திற் கூறினார். முறுவல் மறைந்தது. பிறர் பிழைப்பில் மண் போடுவதற்கு நீர் யார் என்று அம்மனிதர் சீறினார். வீட்டில் மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். அது உண்மையாகவும் இருக்கலாம். பாங்கொக்கின் வண்டியோட்டிக்கும் பிள்ளைகள் இருந்திருக்கலாம். அதனால் தந்தையாரின் செவி கேட்டுவிடவில்லை.

ஆயினும் அவரைத் துணுக்குறச் செய்தது வேறொன்று. தம்பதியர் அவரையும் ஐயத்துடனேயே நோக்கினர். தூய சட்டையணிந்து, நல்ல ஆங்கிலம் பேசி, கேளாமலே உதவிக்கு வரும் மற்றொரு மனிதர். இவரும் எந்தக் கடைக்கு அழைக்கப் போகிறாரோ என்பது அவர்தம் பார்வையில் தெரிந்தது. ஒரு பொய்யரின் முறுவல் அந்நாட்டின் எல்லா முறுவல்களின் மதிப்பையும் குறைத்துவிடுகிறது. அவமதிப்பாக உணர்ந்து விலகிச் சென்றுவிட ஒரு கணம் அவருக்குத் தோன்றியது. பின்னர் சுன்னாகத்துத் தராசு நினைவுக்கு வந்தது.

“என்னையும் நம்ப வேண்டாம்,” என்றார். “அதோ தெரியும் விடுதியின் வரவேற்புப் பீடத்திற் கேளுங்கள். ஐந்து நிமிட நடைதான்.”

அதற்குள் விழா முடிந்துவிடும் என்றார் மற்றவர், வண்டியைக் கைகாட்டியபடி. பெண்மணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னர் கணவரின் கையைப் பற்றிக்கொண்டு, இருவருக்கும் நன்றி கூறாமல், விடுதியின் வாயிலை நோக்கி நடந்தார். விரிவுரையாளருக்கு அந்த நன்றியின்மை நிறைவாகவே இருந்தது.

செவிக்கருவி அடுத்த ஆண்டில் யாழ்ப்பாணத்திலேயே, தவணைமுறையில், ஒரு செவிக்கு மட்டும் வாங்கப்பட்டது. முதல் வாரம் முழுவதும் காகங்கள் இவ்வளவு சத்தமாகவா கத்துகின்றன என்று தந்தையார் முறையிட்டுக்கொண்டிருந்தார். செந்நிறக் கல் ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியின் அருகே சிறு பெட்டியொன்றில் இருக்கிறது. இரண்டாம் ஆண்டு மாணவர் வெர்னோயின் முறையைப் படிக்கும் வாரத்தில் அது வெளியே வரும். வளைந்த கோடுகளை ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தபின், யாரேனும் ஒருவர் இக்கல் எங்கே வாங்கியது, என்ன விலை என்று தவறாமற் கேட்பர். இடத்தையும் ஆண்டையும் 28,000 பாத் என்ற விலையையும் வாயில் எவ்வளவு தொலைவில் இருந்தது என்பதையும் அவர் மறையாது சொல்லுகிறார். வகுப்பின் பின்வரிசைக்கும் கேட்கும்படி, உரத்தே சொல்லுகிறார்.